அழைத்து வந்த படையும் அழைத்தவரின் உரிமையும்

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுவதாகச் சொல்லும் நண்பர் கேட்டிருப்பது இது: காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட ஒரு நாட்டின் அரசே கேட்டுக்கொண்டு, அதன் பேரில் அயல்நாட்டுப் படை உள்ளே வந்தால், அதை இறையாண்மை மீறல் என்று எப்படிச் சொல்ல முடியும்? இலங்கைக்கு இந்திய அமைதிப்படை போனதுகூட அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட பிறகுதானே? போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்பதால் ஒரு வரியில் விடை வேண்டும் என்றும், எதைப் படிக்கலாம் என்று சொல்லுமாறும் கேட்டிருக்கிறார். ஒரு வரியில் சொல்வதானால், சட்டப்படியான அரசின் உண்மையான ஒப்புதலோடு வரும் படை இறையாண்மையை மீறுவதில்லை. ஆனால் அந்த வரியில் 'சட்டப்படியான அரசு', 'உண்மையான ஒப்புதல்' என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் வரலாற்றில் தகராறெல்லாம் அந்த இரண்டு இடங்களில்தான் எழுந்திருக்கிறது. ஒப்புதல் தந்தவர் யார், எந்த நிலையில் தந்தார், தந்ததைத் திரும்பப் பெற அவரால் முடிந்ததா என்பதையே நண்பர் உண்மையில் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் வடசென்னைக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். விடுதலைக்குப் பிந்தைய ஆசிய, ஆப்பிரிக்க அரசியல் நான் பல ஆண்டுகள் நடத்திய பாடம். நீதிமன்றத்தில் வழக்காடியவனோ படையில் பணியாற்றியவனோ அல்லன். எனவே சட்டத்தைப் பற்றி நான் சொல்வது தீர்ப்புகளையும் ஒப்பந்தங்களையும் படித்துக் கற்பித்த அளவிலேயே அமையும். என் வகுப்பில் வியாசர்பாடியிலிருந்து வந்த பர்மாத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளும், புழல் முகாமிலிருந்து வந்த ஈழத்து மாணவர்களும் அருகருகே உட்கார்ந்து படித்தார்கள். அவர்கள் முன்னிலையில் இந்தப் பாடத்தை நடத்தும்போது, 'தலையீடு' என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. எந்தப் படை, யாருடைய அழைப்பின் பேரில், எந்த நாளில் வந்தது என்று துல்லியமாகச் சொல்லியாக வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பதிலும் அமைகிறது.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. சாசனத்தின் 2ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, ஒரு நாட்டின் நில ஒருமைப்பாட்டுக்கோ அரசியல் விடுதலைக்கோ எதிராகப் படைவலிமையைப் பயன்படுத்துவதையும், பயன்படுத்துவோம் என்று மிரட்டுவதையும் தடை செய்கிறது. 1965 டிசம்பரில் பொதுச்சபை நிறைவேற்றிய 2131ஆம் தீர்மானமும், 1970 அக்டோபரில் நிறைவேற்றிய 2625ஆம் தீர்மானமும் அயல்நாடுகளின் உள்விவகாரத்தில் தலையிடாமையை விரிவாக வரையறுத்தன. இரண்டுக்கும் பின்னால் புதிய நாடுகளின் வாக்குவலிமை இருந்தது. அமெரிக்காவுக்கு எதிராக நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986 ஜூன் 27ஆம் நாள் பன்னாட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓர் அரசு கேட்டுக்கொண்டால் உதவலாம் என்பதை ஏற்றது. எதிரணியினர் கேட்டார்கள் என்பதற்காகத் தலையிட முடியாது, அப்படி முடியுமானால் தலையிடாமை என்ற கோட்பாடே எஞ்சாது என்று தெளிவாகச் சொன்னது. ஆகவே நண்பரின் முதல் வாதத்துக்குச் சட்டத்தில் உறுதியான அடிப்படை உண்டு.

இனி, ஐயத்துக்கு உரியவை. உள்நாட்டுப் போர் மூண்டு நாடு இரண்டுபட்டு நிற்கும்போது, தலைநகரில் இருப்பவர் அழைத்தார் என்பது மட்டும் போதுமா என்பதில் சட்ட அறிஞர்கள் இன்றும் ஒருமிக்கவில்லை. அந்நிலையில் இரு தரப்பில் எவருக்கும் அயல்நாடுகள் உதவக் கூடாது என்று பன்னாட்டுச் சட்டக் கழகம் 1975இல் வீஸ்பாடனில் தீர்மானித்தது, ஆனால் நாடுகளின் நடைமுறை அதைப் பின்பற்றவில்லை. அடுத்தது, நெருக்கடிக்கு உள்ளாக்கிப் பெற்ற ஒப்புதல். நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கைகளின் சட்டம் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 52ஆம் பிரிவு, சாசனத்துக்கு மாறாகப் படைவலிமையால் மிரட்டிப் பெற்ற உடன்படிக்கை செல்லாது என்கிறது. அந்த மாநாட்டில் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகள் பத்தொன்பது சேர்ந்து, பொருளாதார, அரசியல் நெருக்கடியையும் இந்தப் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தன. மேலை நாடுகள் ஒப்பவில்லை. திருத்தம் சட்டமாகாமல், கண்டன அறிக்கை ஒன்று மட்டும் மாநாட்டின் இறுதி ஆவணத்தோடு இணைக்கப்பட்டது. துப்பாக்கி காட்டாமலே கையொப்பம் வாங்க முடியும் என்பதைப் பட்டறிவால் தெரிந்திருந்த நாடுகள் கேட்ட திருத்தம் அது. அது தோற்றது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

புதிய நாடுகளின் நிலை ஏன் தனித்தது என்பதை அறியக் காங்கோவைப் படிக்க வேண்டும். 1960 ஜூன் 30ஆம் நாள் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றபோது அந்நாட்டில் ஏறத்தாழ 25,000 பேர் கொண்ட படை இருந்தது. அதன் அதிகாரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேரும் பெல்ஜியர்கள். காங்கோக்காரர் ஒருவர்கூட அதிகாரி நிலையில் இல்லை. விடுதலைக்கு முன்பு எப்படியோ பின்பும் அப்படியே என்று படைத்தலைவர் ஜான்சென்ஸ் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஜூலை 5ஆம் நாள் சிப்பாய்கள் கலகத்தில் இறங்கினார்கள். தன் குடிமக்களைக் காப்பதற்காக என்று சொல்லி ஜூலை 10ஆம் நாள் பெல்ஜியப் படை வெளியே வந்தது. அதற்கு வெகு தொலைவிலிருந்து வர வேண்டிய தேவை இருக்கவில்லை. விடுதலைக்கு முதல் நாள் கையொப்பமான நட்புறவு உடன்படிக்கையின்படி காமினா, கிட்டோனா தளங்களில் அது ஏற்கெனவே இருந்தது. அந்த உடன்படிக்கை நாடாளுமன்ற ஒப்புதல் பெறாதது. பெற்றிருந்தாலும், காங்கோவின் பாதுகாப்பு அமைச்சர் வெளிப்படையாகக் கேட்டால்தான் படை இறங்கலாம் என்பது அதன் நிபந்தனை. பாதுகாப்புத் துறையைத் தன்னிடமே வைத்திருந்த பிரதமர் பத்ரீஸ் லுமும்பா கேட்கவில்லை. ஜூலை 11ஆம் நாள், தாமிரச் சுரங்கங்கள் நிறைந்த கட்டங்கா மாநிலம் மொயீஸ் ஷோம்பேயின் தலைமையில் பிரிந்து போவதாக அறிவித்தது. ஷோம்பே பெல்ஜியப் படையை வரவேற்றார். இதில் மீறல் உண்டா என்று கேட்டால் தயங்காமல் உண்டு என்பேன். நாட்டின் அரசு அழைக்கவில்லை; அழைத்தது பிரிந்துபோகும் மாநிலத்தின் தலைவர்.

காங்கோவில் கடினமான கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஜூலை 12ஆம் நாள் குடியரசுத் தலைவர் காசவுபுவும் லுமும்பாவும் சேர்ந்து ஐ.நா.வின் உதவியைக் கேட்டார்கள். 14ஆம் நாள் பாதுகாப்பு அவையின் 143ஆம் தீர்மானம் நிறைவேறியது. சில நாள்களில் படை வந்து இறங்கத் தொடங்கியது. சட்டப்படியான அரசின் அழைப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் கட்டங்காவுக்குள் நுழைந்து பிரிவினையை முடிக்கும்படி லுமும்பா கேட்டபோது, அது தங்கள் பணியில் அடங்காது என்று ஐ.நா. சொன்னது. செப்டம்பர் 5ஆம் நாள் காசவுபு லுமும்பாவைப் பதவி நீக்க, லுமும்பா காசவுபுவை நீக்குவதாக அறிவிக்க, நாடாளுமன்றம் இரண்டையும் ஏற்க மறுத்த குழப்பத்தில், தலைநகர் லியோபோல்ட்வில்லின் வானொலி நிலையத்தையும் விமான நிலையங்களையும் ஐ.நா. அதிகாரிகள் மூடினார்கள். எவர் பக்கமும் சாயாத நடவடிக்கை என்று சொல்லப்பட்டது. காசவுபுவுக்கு ஆற்றின் அக்கரையில் பிராசவில் வானொலி இருந்தது; லுமும்பாவுக்கு அப்படியொரு வழி இல்லை. தம் நாட்டு வானொலி நிலையத்துக்குள் நுழைய முயன்ற பிரதமரைத் தடுத்து நிறுத்தியவர்கள் ஐ.நா. கொடியின் கீழ் பணியாற்றிய கானா நாட்டு வீரர்கள். கானாவின் குடியரசுத் தலைவரான நிக்ருமா லுமும்பாவின் நெருங்கிய நண்பர். ஆனால் அன்றைய கானா படையின் தலைமைத் தளபதி ஓர் ஆங்கிலேயர். நண்பனின் படையும் அழைத்தவனின் கட்டளைக்குக் கீழ்ப்படியாது என்பதை இந்த நிகழ்ச்சியைப் போல வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை.

அதே ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், காசவுபுவின் தூதுக்குழுவே காங்கோவின் பிரதிநிதி என்று நியூயார்க்கில் பொதுச்சபை வாக்களித்து முடிவு செய்தது. அழைக்கும் உரிமை உள்ள அரசு எது என்ற கேள்விக்கு அந்த நாட்டுக்கு வெளியே விடை தரப்பட்டது. 1961 ஜனவரி 17ஆம் நாள் லுமும்பா கட்டங்காவில், பெல்ஜிய அதிகாரிகள் உடனிருக்கக் கொல்லப்பட்டார். பெல்ஜிய நாடாளுமன்ற விசாரணைக் குழு 2001இல் தம் நாட்டின் அமைச்சர்கள் சிலருக்கு அறநெறிப் பொறுப்பு உண்டு என்று கண்டறிந்தது; அடுத்த ஆண்டு பெல்ஜிய அரசு மன்னிப்புக் கேட்டது. கொலைக்குப் பிறகுதான், உள்நாட்டுப் போரைத் தடுக்க வேறு வழி இல்லையெனில் படைவலிமையைப் பயன்படுத்தலாம் என்று பாதுகாப்பு அவை இசைந்தது. இந்தியா ஒரு முழுப் படையணியை அனுப்பியது. கட்டங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லில் 1961 டிசம்பர் 5ஆம் நாள் வீரமரணம் எய்திய கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. கட்டங்காப் பிரிவினை 1963 ஜனவரியில் முடிந்தது. லுமும்பா கேட்டதைத்தான் இறுதியில் ஐ.நா. செய்தது, கேட்டவர் அப்போது உயிரோடு இல்லை. காங்கோ ஆட்சிக்குத் தயாராக இல்லாத நாடு, அதனால் இப்படி நேர்ந்தது என்று எழுதுபவர்கள் உண்டு. அதிகாரி ஒருவரைக்கூடப் பயிற்றுவிக்காமல் வைத்திருந்தவர் யார் என்று அவர்கள் முதலில் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு தங்கனிகா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி); தேர்வு எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள். 1964 ஜனவரி 20ஆம் நாள் தாருஸ்ஸலாமின் கொலிட்டோ முகாமில் சிப்பாய்கள் சம்பள உயர்வும் ஆங்கிலேய அதிகாரிகளின் நீக்கமும் கேட்டுக் கலகம் செய்தார்கள். சில நாள்களில் உகாண்டாவிலும் கென்யாவிலும் அதுவே நிகழ்ந்தது. விடுதலைப் போராட்டத் தலைவரான ஜூலியஸ் நியரேரே, எந்த நாட்டிடமிருந்து விடுதலை பெற்றாரோ அந்த நாட்டிடமே படை கேட்க நேர்ந்தது. 25ஆம் நாள் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் இறங்கிக் கலகத்தை அடக்கினார்கள். இது நாட்டுக்கு நேர்ந்த அவமானம் என்று நியரேரே மறைக்காமல் சொன்னார். அதோடு நிற்காமல் பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் வெளியுறவு அமைச்சர்களைத் தம் தலைநகருக்கு அழைத்து, பிரிட்டிஷ் படைக்கு மாற்றாக ஆப்பிரிக்கப் படை வேண்டும் என்று கேட்டார், நைஜீரியப் படைப்பிரிவு ஒன்று வந்தது, பிரிட்டிஷார் போனார்கள், பழைய படை கலைக்கப்பட்டுப் புதிய படை கட்டப்பட்டது. அழைத்தவரே அனுப்பிவைத்தார். அழைப்பு இறையாண்மையைப் பாதிக்காது என்று வாதிட விரும்பும் எவரும் இந்த நிகழ்ச்சியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

அடுத்த மாதமே, முன்பு பிரெஞ்சுக் காலனியாக இருந்த காபோனில் நடந்தது வேறு. பிப்ரவரி 18ஆம் நாள் இளம் அதிகாரிகள் குடியரசுத் தலைவர் லியோன் எம்பாவைக் கவிழ்த்தார்கள். அடுத்த நாளுக்குள் பிரெஞ்சுப் படை வந்து அவரைத் திரும்பப் பதவியில் அமர்த்தியது. பிரான்சுக்குக் கையில் பாதுகாப்பு உடன்படிக்கை இருந்தது. தலைவர் சிறைப்பட்டிருந்த நிலையில் துணைத்தலைவரின் பேரில் அழைப்பு வந்ததாகச் சொல்லப்பட்டது. அது படை புறப்படும் முன் எழுதப்பட்டதா பின்னர் எழுதப்பட்டதா என்பதில் வரலாற்றாய்வாளர்கள் கருத்து வேறுபடுகிறார்கள். எனக்கு அந்தக் கடிதத்தின் தேதியைவிட வேறொன்று முக்கியமாகப் படுகிறது. 1963 ஆகஸ்டில், பக்கத்துக் காங்கோ-பிராசவில்லில் குடியரசுத் தலைவர் யூலூ மக்கள் எழுச்சியால் கவிழ்ந்தபோது, பிரெஞ்சுப் படை தலைநகரிலேயே இருந்தும் அவரைக் காப்பாற்ற முன்வரவில்லை. அழைப்பவர் எவராயினும், வருவதா வேண்டாமா என்று பாரிஸ்தான் முடிவு செய்தது. எம்பாவுக்குப் பின் 1967இல் பதவிக்கு வந்த ஓமர் போங்கோ 2009இல் இறக்கும்வரை ஆண்டார்.

நம் பக்கத்துக்கு வருவோம். பர்மாவில் யாரும் அழைக்காத படை ஒன்று இருந்தது. சீனாவில் பொதுவுடைமைக் கட்சி வென்ற பிறகு, தோற்ற கோமிண்டாங் படையின் ஒரு பகுதி 1950 முதல் ஷான் மாநிலத்துக்குள் புகுந்தது. ஜெனரல் லீ மியின் தலைமையில் 1953க்குள் பன்னிரண்டாயிரம் பேர் அளவுக்குப் பெருகியது. அமெரிக்கா மறைமுகமாகப் பொருளும் ஆயுதமும் தந்தது. அந்த ஆண்டு பிரதமர் ஊ நூவின் அரசு ஐ.நா.வுக்குப் போனது. 'அயல்நாட்டுப் படைகள்' இருப்பதைப் பொதுச்சபை கண்டித்தது; அனுப்பியது யார் என்று பெயர் சொல்லவில்லை. பர்மா அமெரிக்க உதவியை வேண்டாம் என்றது. சில ஆயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள், எஞ்சியோர் பல ஆண்டுகள் தங்கினார்கள். இந்தப் படையை எதிர்கொள்வதற்காகவே பர்மாவின் இராணுவம் பெருத்தது, நிர்வாகத்தைக் கைக்கொள்ளக் கற்றது, 1962 மார்ச் 2ஆம் நாள் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடிக்க வழி அமைந்தது என்று வரலாற்றாய்வாளர் சிலர் வாதிடுகிறார்கள். உள்நாட்டுக் கிளர்ச்சிகளும் இதற்குக் காரணம் என்பதால் அந்த வாதத்தைப் பாதி அளவே நான் ஏற்கிறேன். ஆனால் 1964இல் கடைகள் அரசுடைமையானதும், ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமற் போனதும், இலட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறியதும் அந்த ஆட்சியின் கீழ் நிகழ்ந்தவை, அதில் ஐயமில்லை. அந்தக் கப்பல்கள் நம் துறைமுகத்துக்கு வந்தன. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பர்மா பஜாரும், வியாசர்பாடியின் பல தெருக்களும் அப்படி உருவானவை. ஷான் மலைகளில் நடந்த ஒரு தலையீட்டின் விளைவில் சிறு பங்கேனும் வடசென்னைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

இலங்கையைப் பற்றிக் கேட்பவர்கள் பொதுவாக 1987இலிருந்து தொடங்குகிறார்கள். 1947இலிருந்து தொடங்க வேண்டும். விடுதலைக்கு முன்பே பிரிட்டனோடு செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையின் பேரில் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரிட்டிஷார் வசமே இருந்தன. இலங்கை ஐ.நா. உறுப்பினராக விண்ணப்பித்தபோது சோவியத் ஒன்றியம் அதைத் தன் தடுப்பு வாக்கால் நிறுத்தியது. அந்நாடு உண்மையில் விடுதலை பெற்றதா என்ற ஐயத்தை எழுப்பியது. பனிப்போர்க் கணக்குதான் அதற்கு முதன்மைக் காரணம் என்றாலும், எழுப்பிய ஐயம் வெறுமையானதன்று. 1955 டிசம்பரில்தான் இலங்கை உறுப்பினரானது. 1957இல் பண்டாரநாயக்க அரசு பேச்சுவார்த்தை நடத்தியே இரு தளங்களையும் திரும்பப் பெற்றது. 1971 ஏப்ரலில் ஜனதா விமுக்தி பெரமுனவின் கிளர்ச்சியின்போது சிறீமாவோ பண்டாரநாயக்க கேட்டுக்கொண்டதன் பேரில் இந்தியா ஹெலிகாப்டர்களை அனுப்பியது. வேலை முடிந்ததும் திரும்ப அழைத்துக்கொண்டது. 1988 நவம்பர் 3ஆம் நாள் மாலத்தீவில் குடியரசுத் தலைவர் கையூமைக் கவிழ்க்க நடந்த முயற்சியை முறியடிக்க அன்றிரவே இந்தியப் படை இறங்கியதும் ஏறத்தாழ இந்த வகையைச் சேர்ந்தது. இவற்றில் அழைத்தவரின் கை தாழவில்லை.

1987இல் நடந்ததன் வரிசை வேறு. மே மாத இறுதியில் இலங்கைப் படை வடமராட்சியில் பெரும் தாக்குதல் நடத்தியது. ஜூன் தொடக்கத்தில் நிவாரணப் பொருள்களோடு இராமேஸ்வரத்திலிருந்து போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. ஜூன் 4ஆம் நாள், போர் விமானங்களின் காவலோடு போன ஐந்து இந்தியச் சரக்கு விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது ஏறத்தாழ 25 டன் பொருள்களைப் போட்டன. பட்டினியில் இருந்தவர்களுக்கு உணவு தேவைப்பட்டது உண்மை. இலங்கையின் வான்வெளிக்குள் அதன் ஒப்புதல் இல்லாமல் நுழைந்தது மீறல் என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் ஊரடங்குக்கு நடுவே இராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். பிரதமர் பிரேமதாச அந்த நிகழ்ச்சிக்கு வரவில்லை. போர்நிறுத்தத்தை உறுதிசெய்யவும் நடைமுறைப்படுத்தவும் தேவைப்பட்டால் இலங்கைக் குடியரசுத் தலைவர் இந்திய அமைதிப்படையை அழைக்கலாம் என்று ஒப்பந்தத்தின் இணைப்பு கூறுகிறது. அவர் அழைத்தார்.

அந்த ஒப்புதல் வியன்னா ஒப்பந்தத்தின் 52ஆம் பிரிவின்படி செல்லாதது என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். ஜூன் 4ஆம் நாள் நிகழ்ச்சி மிரட்டலாகவும் பயன்பட்டது என்பது என் கருத்து. ஆனால் தெற்கில் தன் ஆட்சிக்கு எழுந்த ஆபத்தைச் சமாளிக்க வடக்கிலிருந்து படையை விடுவித்துக்கொள்ளும் தேவையும் ஜெயவர்த்தனாவுக்கு இருந்தது. முழுதும் விருப்பத்தோடும் இல்லை, முழுதும் கட்டாயத்தோடும் இல்லை. எந்த நீதிமன்றமும் இதை ஆராய்ந்து தீர்ப்புச் சொன்னதில்லை என்பதால், இந்தக் கட்டத்தில் 'மீறல்' என்றோ 'மீறல் இல்லை' என்றோ உறுதியாக எழுதும் எந்த விடையையும் நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

1989 ஜூன் 1ஆம் நாளுக்குப் பிறகு எனக்கு அந்த ஐயம் இல்லை. அன்று, குடியரசுத் தலைவராகிவிட்ட பிரேமதாச, ஜூலை இறுதிக்குள் படை வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். ஒப்பந்தத்துக்குத் தான் பொறுப்பாளி, அதிகாரப் பகிர்வும் தமிழரின் பாதுகாப்பும் உறுதியாகாமல் போக முடியாது என்று தில்லி பதில் சொன்னது. செப்டம்பரில் கூட்டறிக்கை வந்தது. ஆண்டு முடிவு என்ற கெடுவும் தாண்டியது. தில்லியில் ஆட்சி மாறி வி.பி. சிங் பிரதமரான பின், 1990 மார்ச் 24ஆம் நாள் கடைசி அணி திருகோணமலையிலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ பத்து மாதங்கள், அழைத்த நாடு போகச் சொன்ன பிறகும் படை அங்கே இருந்தது. காங்கோ-உகாண்டா வழக்கில் 2005 டிசம்பரில் பன்னாட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, படை தங்குவதற்குத் தந்த ஒப்புதலை எந்த நேரத்திலும், தனியான முறைமைகள் எதுவும் இல்லாமலே திரும்பப் பெறலாம் என்கிறது. அந்த வழக்கின் சூழல் வேறு. ஆயினும் அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 1989இல் இந்தியாவின் வாதம் வலுவற்றது. என் நாட்டைப் பற்றி இப்படி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. நம்மை ஆண்டவர்களிடம் நாம் கேட்ட கேள்வியை நம்மிடம் மற்றவர் கேட்கும்போது பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இதுவரை சொன்னதெல்லாம் கொழும்புக்கும் தில்லிக்கும் இடையிலான கணக்கு. யாழ்ப்பாணத்து மக்களின் ஒப்புதலைச் சட்டம் கேட்கவே இல்லை. மாலையிட்டு வரவேற்றவர்கள், அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்ட 1987 அக்டோபரில் அதே படையின் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஓடினார்கள். அக்டோபர் 21ஆம் நாள் யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவர்கள், செவிலியர், நோயாளிகள் என அறுபது முதல் எழுபது பேர் வரை கொல்லப்பட்டார்கள். மறுபுறம், படை போய்விட்டால் தங்களுக்கு உயிர்ப்பாதுகாப்பு இல்லை என்று அஞ்சிய தமிழர்களும் இருந்தார்கள். வடகிழக்கு மாகாண அரசைச் சார்ந்தோர் பலர் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்துவிட்டார்கள். தெற்கே, இந்தியப் படையின் இருப்பைக் காட்டியே கிளர்ச்சி வளர்க்கப்பட்டது. அதை ஒடுக்கியதில் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் மடிந்தார்கள். இந்திய வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர் உயிரிழந்தார்கள். எஞ்சியோர் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அரசு வரவேற்பில் முதலமைச்சர் கருணாநிதி கலந்துகொள்ளவில்லை. அதைப் பற்றி வடசென்னையில் அன்று இரு வேறு கருத்துகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து போன வீரனையும் அவனை அனுப்பிய முடிவையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் நிலை.

எதைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். 1987 ஒப்பந்தத்தின் முதன்மைப் பகுதிக்கு முன்பாக, அதே நாளில் இரு தலைவர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்களைப் படியுங்கள். திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்களை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் தரக் கூடாது என்பதும், அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து நடத்தும் என்பதும் அவற்றில் இருக்கின்றன. இனப்பிரச்சினைக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. படையின் வருகைக்கு இணையாக இவையும் கேட்கப்பட்டன, தரப்பட்டன. படை 1990இல் போய்விட்டது. பிரிட்டிஷார் கட்டிய அந்த 99 தாங்கிகளைப் பங்கிடும் உடன்படிக்கை 2022 ஜனவரியில் கையொப்பமானது: 14 இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனத்திடமும், 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்திடமும், எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் இருக்கின்றன.